மற்றவர்களுக்கு மிச்சம்

ஃபாலெசினா, சவாயித் தீவு
3 அக்டோபர் 2017

செஃபோ,

நலமா என்று கேட்கப் போவதில்லை. அபியாவில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் இண்டர்நெட்டை அளந்து ஊற்றுகிறவனுக்கு நலத்தில் என்ன குறை இருக்கப் போகிறது?

உனக்கு மூன்று வரியில் மெயில் அனுப்பத்தான் பார்த்தேன். வட்டம் சுற்றியது. நாற்பது நிமிடம் சுற்றியது. அதற்குள் நான் ஐந்தாம் வகுப்புக்கு வகுத்தல் கணக்கே சொல்லிக் கொடுத்து முடித்துவிட்டேன். அதனால்தான் பேனாவை எடுத்தேன். பஸ் ஓட்டும் லோமி படகு ஏறி வந்து இதை உன் கையில் கொடுப்பான். கூடவே ஒரு கூடை சேப்பங்கிழங்கு. அது உன் பெண்டாட்டிக்கு, உனக்கில்லை.

விஷயம் இதுதான். நவம்பர் பதினான்கு, செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு எனக்கு நேர்காணல். ஒன்பது வருடமாக இந்தப் பள்ளிக்குப் "பொறுப்பு" தலைமை ஆசிரியையாக இருக்கிறேன். பொறுப்பு முழுக்க என்னுடையது, பதவி மட்டும் யாருடையதும் இல்லை. போன வருடம் வீடியோவில் நேர்காணல் நடந்தபோது என்ன ஆனது என்று உனக்குத் தெரியும். வாயைத் திறந்தேன், படம் அப்படியே நின்றுவிட்டது. மூன்று பெரிய மனிதர்கள் நான்கு நிமிடம் என் நாக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். "பதில் சொல்லத் தயங்கினார்" என்று எழுதிவிட்டார்கள். நானா தயங்கினேன்! அடுத்த வருடம் வயது வரம்பைத் தாண்டிவிடுவேன். இதுதான் கடைசி.

ஊருக்குப் புது இண்டர்நெட் டிஷ் வந்ததும் பிழைத்தேன் என்று நினைத்தேன். இப்போது பார்த்தால் சித்தப்பா மோசே தன் போனில் ரக்பி ஆட்டக்காரனின் வியர்வையைக்கூட எண்ணுகிறார், எனக்கு அரசாங்கத்தின் ஒரு பக்கப் படிவம் திறக்க மாட்டேன் என்கிறது. கேட்டால், "உன் தம்பிதான்டி வச்சிருக்கான் லிமிட்டு" என்கிறார். அக்கா சொல்லைத் தம்பி தட்டக்கூடாது என்கிற இந்தத் தீவில், கூடப்பிறந்த அக்காவுக்கே அளவு வைத்த தம்பியை யாராவது கேள்விப்பட்டிருக்கிறார்களா?

போன் செய்யாதே, எடுக்க மாட்டேன். பேச்சில் நீ நழுவிவிடுவாய். எழுது.

சியேனி

---

அபியா
6 அக்டோபர் 2017

அன்புள்ள அக்காவுக்கு,

கிழங்கு கிடைத்தது. என் பங்கு எனக்குக் கிடைக்கவில்லை, உங்கள் உத்தரவுப்படி.

அக்கா, நான் அளந்து ஊற்றவில்லை. நடப்பதைச் சொல்கிறேன், கோபப்படாமல் படியுங்கள். ஊரில் ஒருவர் பெயரும் பாஸ்வேர்டும் அடித்தால், டிஷ் பக்கத்தில் இருக்கும் பெட்டி தானாக எதையும் முடிவு செய்யாது. இங்கே என் மேசைக்குப் பின்னால் இருக்கும் சர்வரைக் கேட்கும். யார் இவர்? சொல்வது நிஜமா? உள்ளே விடலாமா? விட்டால் எவ்வளவு வேகம்? சர்வர் தன்னிடம் உள்ள பட்டியலைப் பார்த்துப் பதில் சொல்லும். பெட்டி அதைக் கேட்டு நடக்கும். அவ்வளவுதான்.

அந்தப் பட்டியல் நான் எழுதியதில்லை. நம் ஊர்ச்சபை கொடுத்தது. முத்திரை வைத்த தாள், என் கோப்பில் இருக்கிறது. சபை வீட்டில் எந்தத் தூணில் யார் சாய்ந்து உட்காருவார்களோ அந்த வரிசையிலேயே வேகமும் கொடுத்திருக்கிறார்கள். முதல் தூணுக்குப் பத்து மெகாபிட். மூன்றாவது தூண், அதாவது நம் குடும்பத் தலைவருக்குரிய தாவுலாங்கி பட்டத்துக்கு எட்டு. பாதிரியார் எந்தத் தூணிலும் சாய மாட்டார் என்பதால் அவருக்குத் தனி வரி. கடைசியில் "மற்றவர்களுக்கு மிச்சம்" என்று எழுதியிருக்கிறார்கள்.

மிச்சம் என்று அடித்தால் சர்வருக்குப் புரியாது, அதற்கு எண் வேண்டும். டிஷ் தாங்குவதைக் கணக்குப் பார்த்துக் கால் மெகாபிட் என்று போட்டேன். நீங்கள் அந்த வரியில் இருக்கிறீர்கள். உங்களுக்கு மட்டும் மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை. எங்கள் மேலாளர் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஊர்ச்சபையின் தாள் கேட்பார்.

தயவுசெய்து புரிந்துகொள்ளுங்கள்.

உங்கள் தம்பி
செஃபோ

---

ஃபாலெசினா
11 அக்டோபர் 2017

செஃபோ,

குழந்தைகள் ஞாயிறு முடிந்து இன்றைக்குத்தான் மூச்சு விடுகிறேன். அறுபது பிள்ளைகளுக்கு வசனம் மனப்பாடம் செய்வித்து, வெள்ளைச் சட்டை மாட்டிவிட்டு, கோயிலில் ஏற்றி இறக்கினேன். பொறுப்பு தலைமை ஆசிரியை அல்லவா.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பெட்டி, சர்வர் எல்லாம் எனக்கு வேண்டாம். ஒரே ஒரு வரியைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். "கால் மெகாபிட் என்று போட்டேன்." போட்டது யார்? ஊர்ச்சபை மிச்சம் என்றது. மிச்சத்துக்குக் கால் என்று பெயர் வைத்தது நீ. பந்தியில் அக்காவுக்கு என்ன மிஞ்சும் என்று முடிவு செய்தது என் தம்பியின் கை. இதற்கு முத்திரைத் தாள் இருக்கிறதா?

அது கிடக்கட்டும். நீ இங்கே மூட்டிவிட்ட கலகத்தைக் கேள். நம் அப்பா போனபிறகு தாவுலாங்கி பட்டம் சித்தப்பாவையும் சேர்த்து நான்கு பேரிடம் இருக்கிறது என்பது உனக்கு மறந்துவிட்டதா? நான்கு பேரும் தாவுலாங்கி. நான்கு பேரும் ஒரே தூணில் முறை வைத்துச் சாய்கிறார்கள். நீ பட்டியலில் ஒரே ஒரு தாவுலாங்கியை ஏற்றி வைத்திருக்கிறாய். அதிலும் ஒரு நேரத்தில் ஒருவர்தான் நுழையலாம் என்று வேறு வைத்தாயாமே.

போன வாரம் சித்தப்பா போனைத் திறந்தாராம். "தாவுலாங்கி ஏற்கெனவே உள்ளே இருக்கிறார்" என்று வந்ததாம். மனுஷன் முகம் தொங்கிப் போய் என் வகுப்புக்கே வந்துவிட்டார். "உள்ள இருக்காராமேடி! அப்ப வெளிய நிக்கிற நான் யாரு?" பிள்ளைகள் எல்லாம் பார்க்கிறார்கள்.

உள்ளே இருந்தது கடற்கரை வீட்டு ரொப்பாத்தி. அந்த ஆள் போனைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாகப் போய்க் காட்டுகிறான். "பட்டத்து கோர்ட்டுல பதினோரு வருஷமா இழுத்தடிச்சாங்க. அபியாவுல இருக்கிற பெட்டி ஒரே வாரத்துல சொல்லிடுச்சு பாத்தியா, நான்தான் நிஜ தாவுலாங்கி!" இப்போது சித்தப்பா விடிவதற்கு முன்பே எழுந்து முதலில் நுழைந்துவிடுகிறார், குளிக்கும்போதுகூட வெளியே வருவதில்லை. போனைப் பாலிதீன் பையில் சுற்றிக்கொண்டு குளிக்கிறார். மற்ற மூன்று வீட்டுக்காரர்களும் அவரோடு பேசுவதில்லை.

உன்னால் ஆன காரியம் இதுதான். இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது.

சியேனி

---

அபியா
17 அக்டோபர் 2017

அன்புள்ள அக்கா,

நீங்கள் அடிக்கோடிட்டது சரியான வரிதான். அந்த எண் என்னுடையதுதான். அதை எழுதும்போது இருநூற்றுப் பன்னிரண்டு பெயர்களில் உங்கள் பெயரும் ஒன்று என்று எனக்குத் தோன்றவே இல்லை. பட்டியலை ஒரேயடியாக ஏற்றினேன். முகம் பார்த்து ஏற்றியிருந்தால் கை வந்திருக்காது.

சித்தப்பா எனக்குப் போன் செய்தார். "பெட்டிக்குச் சொல்லுடா, நான்தான்னு." யார் நிஜம் என்று சர்வருக்குத் தெரியாது சித்தப்பா, யார் முந்தினார் என்றுதான் தெரியும் என்றேன். "அதுக்குத்தானடா உன்ன படிக்க வச்சோம்?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். இனிமேல் பெட்டிக்காரனோடு பேசமாட்டாராம்.

உங்களுக்காக மேலாளரிடம் போய் நின்றேன். அவர் சத்தம் போடவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பழைய கோப்பை எடுத்துக் காட்டினார். எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவன் தாள் இல்லாமல் தன் மைத்துனிக்கு வேகத்தைக் கூட்டினானாம். இப்போது கடற்கரையில் தேங்காய் விற்கிறானாம். "தாள் இருந்தா இப்பவே மாத்து. இல்லன்னா கைய வைக்காத." எனக்கு மூன்று பிள்ளைகள் அக்கா.

வழி ஒன்றுதான். ஊர்ச்சபை கூடும்போது உங்கள் பெயருக்கு எதிரே ஓர் எண்ணை எழுதி முத்திரை வைத்து அனுப்பச் சொல்லுங்கள். ஒரு வரி போதும். தாள் கைக்கு வந்த நிமிடமே மாற்றுகிறேன்.

செஃபோ

---

ஃபாலெசினா
6 நவம்பர் 2017

செஃபோ,

சபை கூடியது. உனக்கு ஒரு வரி கிடைக்கவில்லை. எனக்கு அதைவிடப் பெரியது கிடைத்திருக்கிறது.

நான் பட்டம் இல்லாதவள், உள்ளே உட்கார முடியாது. பெண்கள் குழுவோடு வெளியே கொக்கோ கலக்கிக்கொண்டு காதைத் தீட்டி வைத்துக்கொண்டிருந்தேன். சித்தப்பாதான் எழுந்தார். "சியேனிக்கு ஒரு எட்டு குடுங்க. ஒம்பது வருஷமா நம்ம புள்ளைங்கள மேய்க்கிறா."

உடனே ரொப்பாத்தி. "உங்க வீட்டுப் பொண்ணுக்கு எட்டுன்னா என் அக்காவுக்கு?" அவ்வளவுதான். சபையில் இருப்பவன் ஒவ்வொருவனுக்கும் ஓர் அக்காவோ தங்கையோ இருக்கிறாள். இரண்டாவது தூண்காரருக்கு ஆறு தங்கைகள். எல்லா ஆண்களும் ஒரே நேரத்தில் கை தூக்கினார்கள். ஒருத்திக்குக் கொடுத்து ஒருத்திக்குக் கொடுக்காமல் விட்டால் எவனும் வீட்டுக்குப் போக முடியாது. ஒரு மணி நேரம் கத்தினார்கள், என் கொக்கோ ஆறிப்போயிற்று.

கடைசியில் சித்தப்பாவே ஒரு யோசனை சொன்னார். "இந்தச் சபையில எல்லாரும் வாய மூடினா, பேசுறவனுக்கு வீடு முழுக்கச் சொந்தம். இண்டர்நெட்டும் அதானே? நாம எல்லாரும் அன்னிக்கு வெளிய வந்துட்டா மொத்தமும் அவளுக்குத்தானே போகும்!" சபையே "ஆமா, ஆமா" என்று தொடையில் தட்டிக்கொண்டது. ரொப்பாத்தியும் தட்டினான்.

ஆக முடிவு இது. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குச் சங்கு ஊதுவார்கள். சாயந்தர ஜெபத்துக்கு ஊதுகிற அதே சங்கு. மறுபடி ஊதும்வரை ஊரில் ஒரு போன் எரியக்கூடாது. மீறினால் அபராதம் ஒரு பெரிய பன்றி.

செஃபோ, எனக்காக யாரும் சங்கு ஊதியதில்லை. கல்யாணத்துக்குக்கூட மழை வந்து விட்டுப்போயிற்று. கொக்கோப் பானை பக்கத்தில் நின்று அழுதேன். புகை என்று சொல்லி வைத்தேன்.

சித்தப்பா தன் தாவுலாங்கி பாஸ்வேர்டைத் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றுவிட்டேன். நான் கேட்கிற பதவி என் பெயரில், நான் நுழைவதும் என் பெயரில்.

உன் தாள் இனி தேவையில்லை.

சியேனி

---

அபியா
10 நவம்பர் 2017, வெள்ளி

அக்கா,

சங்கு உதவாது!

உங்கள் கடிதம் இன்று காலைதான் வந்தது. லோமி மூன்று நாள் தாமதம், அவன் மச்சானுக்குக் கல்யாணமாம். படித்ததும் உங்களுக்குப் பதினேழு முறை போன் செய்தேன். சித்தப்பாவுக்கும் செய்தேன், என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டார்.

இது சபை வீடு இல்லை அக்கா. மற்றவர்கள் வாயை மூடினாலும் உங்கள் பங்கு ஏறாது. வேகம் ஒவ்வொரு பெயரோடும் ஒட்டியிருக்கிறது. ஊரில் முந்நூறு பேர் உள்ளே இருந்தாலும் சியேனிக்குக் கால், ஊரே காலியாக இருந்தாலும் சியேனிக்குக் கால்தான். மிச்சம் இருப்பது டிஷ்ஷில் சும்மா கிடக்கும், உங்களுக்கு வராது. முதல் கடிதத்திலேயே எழுதினேன். "பெட்டி, சர்வர் எல்லாம் வேண்டாம்" என்று நீங்கள் தாண்டிவிட்டீர்கள்.

கெஞ்சிக் கேட்கிறேன். சித்தப்பாவின் பாஸ்வேர்டை வாங்கிக்கொள்ளுங்கள். எந்தப் பெயரில் நுழைந்தீர்கள் என்று நேர்காணல் செய்கிறவர்களுக்குத் தெரியவே தெரியாது. இந்த ஒரு தடவை, அக்கா.

பின்குறிப்பு: கடல் கொந்தளிப்பாக இருக்கிறதாம். திங்கள் வரை படகு இல்லை என்று லோமி சொல்கிறான். செவ்வாய் முதல் படகில் கொண்டுவருவதாகச் சத்தியம் செய்திருக்கிறான். முதல் படகு பத்துக்கு முன்னால் வந்து சேருமா என்று கேட்டேன். வானத்தைப் பார்க்கிறான்.

செஃபோ

---

ஃபாலெசினா
14 நவம்பர் 2017, பிற்பகல்

செஃபோ,

உன் வெள்ளிக்கிழமைக் கடிதம் இன்று மதியம் பன்னிரண்டரைக்கு வந்து சேர்ந்தது. சந்தோஷம்.

நடந்ததை எழுதுகிறேன். அவசரத்தில் எழுதுகிறேன், எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

பத்து மணிக்குச் சங்கு ஊதினார்கள். ஊர் அப்படியே அடங்கிப்போயிற்று. நான்கு தாவுலாங்கிகளும் பள்ளி வாசலில் ஒரே பாயில் உட்கார்ந்து, நான்கு போனையும் ஒரு பிரம்புக்கூடையில் போட்டுக் கூடையைப் பாதிரியார் மடியில் வைத்தார்கள். நான் என் பெயரை அடித்து நுழைந்தேன். அந்த மூன்று பேரும் திரையில் வந்தார்கள், கட்டம் கட்டமாக. அவர்களில் வெலிங்டனிலிருந்து பேசும் அம்மாளுக்குக் கண் ஓர் இடத்தில், கண்ணாடி வேறோர் இடத்தில்.

முதல் கேள்வி பாதிதான் கேட்டது. இரண்டாவது கேள்வி, சுத்தமாக இல்லை. வெளியே சித்தப்பா, "எல்லாரும் வெளிய வந்துட்டோமே, இன்னும் என்ன?" என்று கிசுகிசுக்கிறார், ஊருக்கே கேட்கிறது. நான் போன வருடம் போல வாயைத் திறந்தபடி நிற்கக்கூடாது என்று ஒவ்வொரு வாக்கியத்துக்கும் வாயை மூடி மூடிப் பேசினேன். மீன் மாதிரி.

மூன்றாவது கேள்வி நல்லவேளையாகக் கேட்டது. சின்ன ஊர், எல்லாப் பிள்ளைகளும் சொந்தக்காரப் பிள்ளைகள், பாரபட்சம் இல்லாமல் எப்படி நடத்துவீர்கள்? எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "என் பள்ளியில் விதி எல்லோருக்கும் ஒன்றுதான். எனக்காக யாரும் விதியை வளைப்பதையும் நான் விரும்ப மாட்டேன். என் கூடப்பிறந்த தம்பியாகவே இருந்தாலும்" என்றேன்.

திரை கறுத்துவிட்டது. நடுவில் ஒரே ஒரு வரி. "நிர்வாகியால் துண்டிக்கப்பட்டீர்கள்."

நிர்வாகி யார் என்று இந்த ஊரில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். சித்தப்பா ஜன்னல் வழியாகப் படித்துவிட்டு, "அடப்பாவி, அக்காவ வெளிய தள்ளிட்டானே!" என்று கத்தினார். நான்கு தாவுலாங்கிகளும் பதினோரு வருடத்தில் முதல்முறையாக ஒரே குரலில் உன்னைத் திட்டினார்கள். ரொப்பாத்தி, அடுத்த படகில் ஆள் அனுப்ப வேண்டும் என்றான்.

நான் அழுதுகொண்டே மறுபடி பெயரை அடித்தேன். நுழைந்தது. அந்த அம்மாளின் கண்ணாடி சரியான இடத்தில் இருந்தது. அவருக்குப் பின்னால் தொட்டிச் செடியில் இலைகூடத் தெரிந்தது. "சொல்லுங்கள், தம்பியாகவே இருந்தாலும்?" என்று கேட்டார். மீதியைச் சொல்லி முடித்தேன். ஒன்பது வருடத்தையும் சொன்னேன். நாற்பது நிமிடம், ஒரு விக்கல் இல்லை.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நீ என்ன செய்தாய்?

சியேனி

---

அபியா
17 நவம்பர் 2017

அன்புள்ள அக்கா,

ரொப்பாத்தி அனுப்பிய ஆள் வந்து சேர்ந்தான். லோமிதான். திட்டவேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தான், பாதியில் மறந்துவிட்டது, நானே எடுத்துக்கொடுத்தேன்.

அன்று காலை பத்து மணிக்கு என் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபாலெசினாவில் யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று அதில் வரும், எப்போதும் ஒரு பக்கம் நிறையப் பெயர் இருக்கும். பத்து மணிக்கு ஒவ்வொரு பெயராக அணைந்தது. தாவுலாங்கிகூட அணைந்தார். நம்பவே முடியவில்லை. அப்புறம் ஒரே ஒரு பெயர் ஏறியது. சியேனி. எதிரே, கால். ஊரே உங்களுக்காக வெளியே நிற்கிறது, நான் போட்ட எண் உள்ளே உட்கார்ந்து கழுத்தைப் பிடிக்கிறது.

எட்டு என்று மாற்றினேன். தாள் இல்லை. மாற்றினாலும் ஒன்றும் ஆகவில்லை அக்கா, ஏனென்றால் வேகம் வாசலில் நுழையும்போது மட்டும்தான் கொடுக்கப்படும். உள்ளே இருப்பவருக்குப் பழைய அளவே ஓடும். எட்டு கிடைக்க வேண்டும் என்றால் நீங்கள் வெளியே போய் மறுபடி நுழைய வேண்டும். நீங்களாகப் போகமாட்டீர்கள், போன் எடுக்கமாட்டீர்கள். வெளியேற்றும் பொத்தான் என்னிடம் இருக்கிறது.

ஒரு தம்பி தன் அக்காவை, அவள் வாழ்க்கையிலேயே முக்கியமான நேரத்தில், வாசலுக்கு வெளியே தள்ளுவதா? ஏழு நிமிடம் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சொன்னால் நம்புங்கள், கண்ணை மூடிக்கொண்டுதான் அழுத்தினேன். மறுபடி உங்கள் பெயர் ஏறும்வரை நாற்பத்தொரு வினாடி. நான் அந்த நாற்பத்தொரு வினாடியும் மூச்சு விடவில்லை.

அப்புறம் மாற்றப் பதிவேட்டில் எழுத வேண்டும். ஊர்ச்சபைத் தாள் எண் என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன். காரணம் என்ற கட்டத்தில் "அக்கா" என்று எழுதினேன். வேறென்ன எழுத?

மேலாளர் சாயந்தரம் அதைப் பார்த்தார். என் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எத்தன அக்கா?"

"ஒண்ணுதான் சார்."

"எனக்கு மூணு" என்றார். பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு, "பள்ளிக்கூடத் தேவைன்னா சபைத் தாள் வேண்டாம், மாசம் முடியறதுக்குள்ள பள்ளிக்கூடத்து தலைமை ஆசிரியர் கையெழுத்தோட ஒரு தாள் கொண்டா. இல்லன்னா நான் இத பாத்தேன்னு மேல சொல்ல வேண்டியதாயிடும்" என்று சொல்லிவிட்டுப் பதிவேட்டை மூடிக்கொண்டு போனார்.

உங்கள் பள்ளிக்குத் தலைமை ஆசிரியர் இல்லை அக்கா, "பொறுப்பு" கையெழுத்து செல்லாது. உங்களுக்குக் கிடைத்தால்தான் எனக்கும் இந்த நாற்காலி. கிடைக்காவிட்டாலும் அழுத்தியதற்கு வருத்தப்பட மாட்டேன்.

செஃபோ

---

ஃபாலெசினா
27 நவம்பர் 2017

என் தம்பி செஃபோ,

உத்தரவு நேற்றைக்கு முன்தினம் வந்தது. வாசலில் நின்றே பிரித்தேன். "பொறுப்பு" என்ற வார்த்தையை மூன்று முறை தேடினேன், எங்கும் இல்லை. தலைமை ஆசிரியை, அவ்வளவுதான். கீழே ஒரு குறிப்பு: "கேள்விகளுக்குத் தயக்கமின்றிப் பதிலளித்தார்." சித்தப்பா அதைச் சபையில் சத்தமாகப் படிக்க வேண்டும் என்றார். ரொப்பாத்தி தான்தான் படிப்பேன் என்றான். கடைசியில் நான்கு தாவுலாங்கிகளும் ஆளுக்கு ஒரு வரி படித்தார்கள்.

இதோடு நீ கேட்ட தாளை வைத்திருக்கிறேன். என் புது முத்திரையின் முதல் குத்து, அதனால் கொஞ்சம் சாய்ந்திருக்கும். பள்ளிக்கு எட்டு மெகாபிட் தேவை என்று எழுதியிருக்கிறேன். தேதி இன்றைய தேதிதான். முன்தேதி போடமாட்டேன். அந்த மூன்று பேர் முன்னால் விதியைப் பற்றி அவ்வளவு நீளமாகப் பேசிவிட்டு என் முதல் கையெழுத்தே பொய்யாக இருந்தால் நன்றாக இருக்காது. பதினான்காம் தேதி பற்றி உண்மையையே எழுதியிருக்கிறேன். கேட்டவள் நான், தம்பியால் மறுக்க முடியாது, ஆகவே தவறு என்னுடையது என்று. உங்கள் மேலாளருக்குப் புரியும்.

ஆனால் ஒன்று. அந்தக் கால் மெகாபிட்டுக்காக உன்னைத் திட்டியதில் ஒரு வார்த்தையைக்கூடத் திரும்ப வாங்க மாட்டேன். இருநூற்றுப் பதினோரு பேர் இன்னும் அதில்தான் இருக்கிறார்கள். சபை அடுத்த மாதம் கூடும்போது அதற்கும் வருவேன். இப்போது கொக்கோப் பானைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை, தலைமை ஆசிரியைக்குக் கடைசித் தூணுக்கு எதிரே ஒரு நாற்காலி போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீ தள்ளிவிட்டால் திரும்பி வரும்போது வேகம் கூடுகிறது என்று ஊரெல்லாம் பரவிவிட்டது. இன்றைக்கு ஒரு நாளில் மட்டும் ஒன்பது பெண்கள் வந்தார்கள். "உன் தம்பிகிட்ட சொல்லி எங்களையும் வெளிய தள்ளச் சொல்லேன்" என்கிறார்கள். இரண்டாவது தூண்காரரின் ஆறு தங்கைகளும் ஒன்றாக வந்தார்கள்.

முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவரவரை அவரவர் தம்பி தள்ளட்டும். என்னைத் தள்ள என் தம்பி இருக்கிறான்.

உன் அக்கா
சியேனி
தலைமை ஆசிரியை